"சிம்னி இருக்குத்தானே அண்ணை!"

கனடாவின் ஒண்ராறியோவில் குளிர் தலைகாட்டினால் போதும், வீட்டைச் சூடாக்கும் அடுப்பைப் பற்றி இந்த வசனமும் கூடவே வந்துவிடும். "சிம்னி இருக்குத்தானே அண்ணை, விறகடுப்பைக் கழற்றிப்போட்டு காஸைப் பூட்டிவிட்டால் சரி." சரியில்லை. எத்தனை தரம் கேட்டாலும் சரியில்லை.

விறகடுப்பு காஸ் அடுப்பாக மாறாது ஐயா. அந்த இரும்புப் பெட்டிக்கு விறகு எரிக்கத்தான் சான்றிதழ். அதற்குள் பர்னரையும் பீங்கான் கட்டைகளையும் வைத்துக் கொளுத்தலாம் என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பழையது வெளியே போகவேண்டும், டைரக்ட் வென்ட் அடுப்பு புதிதாக உள்ளே வரவேண்டும்.

டைரக்ட் வென்ட் என்றால் இரண்டு பாதை: புகை போக ஒன்று, எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுக்க ஒன்று. வழக்கமாக 3 அங்குல நெளிவுக் குழாய் இரண்டைச் சிம்னிக்குள் இறக்குவார்கள். பழைய விறகடுப்புச் சிம்னியின் உள்விட்டம் பலவேளை 6 அங்குலம். மூன்றும் மூன்றும் ஆறு என்று கணக்கு முடிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது! 3 அங்குலம் குழாயின் உள்ளளவு. வெளியளவு அதைவிடக் கூட. பலவந்தமாக இழுத்தால் நசுங்கும், இல்லையென்றால் கிழியும். 6 அங்குலத்துக்கு உள்ள வழி, புகைக்கு 4 அங்குலக் குழாய் ஒன்றை நடுவில் இறக்கி, சுற்றியுள்ள இடைவெளியால் காற்றை வரவிடுவது. அதுவும் அடுப்பின் கையேடு அனுமதித்தால், அதற்குரிய பொருத்துதல் கிட்டோடு மட்டும்.

சரி, அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது? வருடக்கணக்கில் விறகு எரித்த தாரும் கரியும். துலக்காமல் குழாயை இறக்கினால் கரி உதிர்ந்து காற்றுவழியை அடைக்கும். காற்றுக் குறைந்த சுவாலை புகைந்து, கண்ணாடியில் கரி படியும். பிறகு அடுப்பு கூடாது என்று கம்பனியைத் திட்டுவது.

இரட்டைக் குழாயில் இன்னொரு கூத்து. கீழே புகைவாயில் பூட்டிய குழாயைக் கூரையில் நிற்பவர் காற்றுப் பக்கத்தில் பூட்டிவிடுவார். அடுப்பு பற்றும், சில நிமிடத்தில் சுவாலை தளர்ந்து தள்ளாடி அணைந்துபோகும். உடனே தெர்மோபைலை (சுவாலையின் சூட்டால் மின்சாரம் தரும் துண்டு) மாற்று, வால்வை மாற்று என்று காசு கறப்பார்கள். இறக்குமுன் ஒரு குழாயின் இரண்டு முனையிலும் சிவப்பு ஒட்டுநாடா ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சிம்னி வேண்டாம், குழாயைச் சுவரால் விடுவோம் என்கிறீர்களா? சோக்கட்டியோடு வெளியே போய்ப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 30,000 பி.டி.யூ. (வெப்பத்தின் அலகு) எரிக்கும் அடுப்பென்றால், வெளியே வரும் குழாய் வாய்க்குத் திறக்கும் ஜன்னலிலிருந்து 30 செ.மீ., காஸ் மீற்றர் ரெகுலேற்றரின் மூச்சுத்துளையிலிருந்து 91 செ.மீ., வீட்டுக்குள் காற்று இழுக்கும் விசிறியின் வாயிலிருந்து 1.83 மீற்றர், நிலத்திலிருந்து 30 செ.மீ. விடவேண்டும். பனி குவியுமிடமென்றால் இன்னும் மேலே. இத்தனையும் ஒரே பக்கத்தில் இருக்கிற ரவுன்ஹவுஸ் (ஒட்டிக்கட்டிய வரிசை வீடு) சுவரில் வட்டம் கீறி முடிக்க, உள்ளங்கை அளவு இடமும் மிஞ்சாது.

உடனே அடுத்த அறிவாளி: "அமெரிக்காவில் புகைக்குழாயே இல்லாத காஸ் கணப்பு விக்கினம்." விற்கட்டும். கனடாவில் வீட்டுக்குள் அதற்கு அனுமதியில்லை. 30,000 பி.டி.யூ. அடுப்பொன்று மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1.3 லீற்றர் தண்ணீரை ஆவியாக விடும். நாலு மணித்தியாலம் எரித்தால் ஐந்து லீற்றர், ஜனவரியில், இறுக்கிப் பூட்டிய வீட்டுக்குள்! ஜன்னல் வழியும், மூலையில் பூஞ்சணம் ஏறும். காபன் மொனொக்சைட்டைப் பற்றி இன்னும் பேசவேயில்லை.

குழாய் அளவையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஃபர்னஸ் 80,000, தண்ணீர் ஹீற்றர் 40,000, சமையலடுப்பு 65,000 என்று ஏற்கெனவே இழுக்கும் ஒடுங்கிய குழாயில் இன்னொரு 30,000க்குக் கிளை பிடித்தால், ஃபர்னஸ் தொடங்கும்போது கணப்பின் சுவாலை படுத்துவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக எரியவிட்டு மானோமீற்றரால் அழுத்தம் அளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அளவுநாடா எடுக்காமல், கூரையில் ஏறாமல், ஃபோனிலேயே விலை சொல்பவரிடம் டி.எஸ்.எஸ்.ஏ. (ஒண்ராறியோவில் காஸ் வேலையின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு எண்ணைக் கேளுங்கள். பேச்சு அப்படியே வேறு பக்கம் திரும்பும்.

சுவரிலும் சிம்னியிலும் உண்மையாகவே வழியில்லையா, 1,500 வாட் மின்கணப்பு ஒன்றை வாங்கி வையுங்கள். 5,100 பி.டி.யூ.தான், ஒரு சின்ன அறைக்குக் காணும்.