ஐயோ என்று கத்தக்கூட உரிமை இல்லையா?

இன்று காலை பால் பொங்கி அடுப்பு மேடை முழுக்க வழிந்தது. "ஐயோ!" என்று ஓடினேன். போன பாலைப் பற்றி வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கூடத்திலிருந்து மாமியார் குரல்தான் வந்தது: "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாயில என்ன வார்த்தை வருது பாரு!"

கல்யாணமாகி மேற்கு மாம்பலத்துக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. 11 வருஷமும் இதே பாட்டு. கை சுட்டால் "அம்மா" சொல்லலாம், "முருகா" சொல்லலாம், ஐயோ மட்டும் ஆகாது. ஏன் அத்தை என்றால், எமன் பெண்டாட்டி பேர் ஐயோவாம். கூப்பிட்டால் புருஷனோடு வந்து நிற்பாளாம். மகாபாரதத்தில் எமன் மனைவியின் பெயர் தூமோர்ணை. இந்த ஐயோவை யார் கட்டி வைத்தார்கள்?

சரி, பெரியவர்கள் நம்பிக்கை என்று விட்டுவிடலாம். ஆனால் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் செல்போனைப் பார்த்து "ஓ மை காட்!" என்று கத்தினால் அதே மாமியார் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுகிறார். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். விழுந்தால் "அவுச்", கொட்டினால் "ஊப்ஸ்", ஆச்சரியம் என்றால் "வாவ்". ஐயோ என்றால் "நோ தமிழ்" என்று அதட்டல். போன வாரம் மாடிப்படியில் விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டாள். "ஐ" என்று வாய் திறந்தவள் அப்படியே விழுங்கிவிட்டு பாட்டி முகத்தைப் பார்த்தாள். ரத்தம் வழிகிறது, குழந்தை கத்துவதற்கு அனுமதி கேட்கிறது!

டிவியைப் போட்டால் பாட்டுப் போட்டி நடுவர்கள் எல்லாருக்கும் "ஓ மை காட்"தான். ஐயோ யாருக்கு? சீரியலில் மாரில் அடித்துக்கொண்டு அழும் அம்மாவுக்கு, அப்புறம் அடி வாங்கும் காமெடியனுக்கு. அதை அழுகைக்கும் அடிக்கும் என்று ஒதுக்கிவிட்டு, பிறகு அமங்கலம் என்றால் எப்படி?

திருப்பாணாழ்வார் அரங்கனைப் பார்த்து என்ன சொன்னார்? "எழில் நீலமேனி ஐயோ! நிறைகொண்டது என் நெஞ்சினையே." அழகு தாங்காமல் வந்த ஐயோ அது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பெருமாள் எதிரிலேயே பாசுரமாகச் சொல்கிறார்கள். கம்பர் மையோ, மரகதமோ, மறிகடலோ, மழைமுகிலோ என்று ராமனுக்கு உவமை தேடித் தேடி, எதுவும் போதாமல் கடைசியில் "ஐயோ இவன் வடிவென்பதோர் அழியா அழகுடையான்" என்கிறார். அத்தனை பெரிய கவிக்குச் சொல் தீர்ந்த இடத்தில் கைகொடுத்த சொல் இது. என் அடுப்படியில் தீட்டாகிவிட்டது!

பந்தியில் நாலாவது கரண்டி சாம்பார் ஊற்ற வந்தால் "ஐயோ போதும்" என்றுதான் இலையை மறைக்கிறோம். ரொம்ப நாள் பார்க்காத சித்தி வாசலில் நின்றால் "ஐயோ, எப்ப வந்தீங்க?" ரங்கநாதன் தெருவில் புடவை விலையைக் கேட்டால் "ஐயையோ". பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சையில் போய்விட்டால் "ஐயோ பாவம்". இதில் எந்த வீட்டுக்கு எமன் வந்தான்?

2016இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி ஐயோவைச் சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "தமிழனின் பெருமை" என்று முதலில் அனுப்பியவர் யார் தெரியுமா? மாமனார். அன்று மாலையே நான் தட்டைக் கீழே போட்டு ஐயோ என்றதற்குத் திட்டியதும் அவர்தான். வெள்ளைக்காரன் அகராதியில் இருந்தால் பெருமை, மருமகள் வாயில் வந்தால் பீடையா?

என்னை இனி யாரும் திருத்த வேண்டாம். என் மகள் விழுந்தால் அவள் ஐயோ என்றே கத்தட்டும். வீட்டில் யாராவது "உஷ்" என்றால் நான் சும்மா இருக்கப்போவதில்லை.