ஒன்றாம் வகுப்புக்கு வருவதற்கு முன்பே

"அவன் அப்பனும் இப்படித்தான், மூணாவதைத் தாண்டலை. பரம்பரையே அப்படி, விடுங்க டீச்சர்." எங்கள் ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. எழுத்து ஏறாத, வயதுக்கு வளராத பிள்ளை யாராக இருந்தாலும் பழி நேராகப் பரம்பரை மேல் விழும். வருடக்கணக்காக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவள் நான். இந்தப் பரம்பரைக் கதை மேல் எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. அதனால் இது கொஞ்சம் நீளமான பதிவு.

முதலில் உயரம். இரண்டு வயது ஆண் குழந்தை நிமிர்ந்து நின்றால் சராசரியாக 87 செ.மீ. இருக்கும். 81-க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றிய குழந்தை என்று கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 35.5 சதவீதம் பேர் அவரவர் வயதுக்கான இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம், நாலில் ஒன்று. அதற்கு முந்தைய ஆய்வில் 27.1. இவ்வளவு திட்டங்களுக்குப் பிறகும் குறைந்தது இரண்டே புள்ளிதான்.

"வெள்ளைக்காரன் அளவுகோலை வைத்து நம் பிள்ளையை அளந்தால் அப்படித்தான் வரும்" என்று ஒரு வாதம் உண்டு. பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா கூட 2013-இல் ஏறக்குறைய இப்படித்தான் எழுதினார். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட இந்த அளவுகோல் ஆறு நாட்டுக் குழந்தைகளை வைத்துச் செய்தது: பிரேசில், கானா, ஓமன், நார்வே, அமெரிக்கா, அப்புறம் இந்தியா. தெற்கு தில்லியில் வசதியான வீடுகளில் பிறந்து, தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அவர்கள் நார்வே பிள்ளைகளோடு கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வளர்ந்தார்கள். அண்ணன் நெட்டை, தம்பி குட்டை என்பதற்குப் பரம்பரையைக் காரணம் சொல்லலாம். ஒரு மாநிலத்தில் நாலில் ஒரு பிள்ளை கோட்டுக்குக் கீழே நிற்பதற்கு அந்தச் சாக்கு செல்லாது.

இதைப் படித்துவிட்டு யாரும் குள்ளமான பிள்ளையெல்லாம் மக்கு என்று கிளம்பிவிடாதீர்கள். என் வகுப்பில் முன்வரிசைப் பொடிசுகளில் மனக்கணக்குப் புலிகள் இருக்கிறார்கள். உயரம் குறைவதால் மூளை மங்குவதில்லை. எலும்பை வளரவிடாமல் செய்யும் அதே காரணங்கள் மூளையையும் பிடித்து வைக்கின்றன என்பதுதான் விஷயம். கர்ப்பத்தில் தாய்க்குச் சத்தின்மை, பிறகு குழந்தைக்கு அரைகுறைச் சாப்பாடு, ஓயாத வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவு. இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளையில் சுமார் 80 சதவீத அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் விடுபட்டதை ஐந்து வயதில் என் வகுப்பில் வைத்து முழுசாக ஈடுகட்ட முடிவதில்லை.

எங்கள் பள்ளி வளாகத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. எடை பார்க்கும் நாளில் போய் நின்று பாருங்கள். எடை பார்ப்பது சுலபம். உயரம்தான் பாடு. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைப் பலகையில் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலையை மேல்பலகையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலை மெதுவாக அழுத்தி நீட்டிப் பாதத்தில் கீழ்ப்பலகையைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்குள் குழந்தை ஊரைக் கூட்டிவிடும். அழுகிற பிள்ளை காலை மடக்கினால் இரண்டு மூன்று செ.மீ. காணாமல் போகும். ஒற்றை ஆளாகச் சமையலையும் பதிவேட்டையும் செல்போன் பதிவையும் பார்க்கிற பணியாளர் இதை எத்தனை குழந்தைக்குப் பொறுமையாகச் செய்வார்?

அடுத்தது சாப்பாடு. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையான குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது நாடு முழுவதும் 11.3 சதவீதம் பேருக்குத்தான். இல்லாத வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பருப்பு வேகும் வீட்டிலேயே குழந்தைக்குப் போவது மேலே நிற்கும் தண்ணீர். "செரிக்காது" என்று பருப்பை விட்டுவிட்டுத் தெளிவை ஊற்றுகிறோம். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதத்தில் இருக்க வேண்டும் குழந்தைக்கான கூழ். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு பாக்கெட்டும் (கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம்; நல்ல சரக்குதான்) மாலையில் வீட்டுக்கே கொழுக்கட்டையாகிவிடுகிறது. வீட்டில் மூத்த பிள்ளைக்கும் பசிக்கும் அல்லவா? அம்மாக்களை நான் குறை சொல்லவில்லை.

இந்த வயதில் கவனித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இரண்டு பழைய ஆய்வுகள் எனக்கு முக்கியம். ஒன்று குவாத்தமாலாவில், 1969 முதல் 1977 வரை. இரண்டு கிராமங்களில் குழந்தைகளுக்குப் புரதம் சேர்த்த 'அத்தோலே' என்ற கஞ்சி. வேறு இரண்டு கிராமங்களில் புரதம் இல்லாத ஒரு பானம். மூன்று வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது அவர்களின் மணிக்கூலி 46 சதவீதம் அதிகமாக இருந்தது. மூன்று வயதுக்குப் பிறகு குடித்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

இன்னொன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில், 1986-87-இல் சாலி கிரந்தம் மெக்ரிகர் குழுவினர் தொடங்கியது. ஏற்கெனவே வளர்ச்சி குன்றிய 9 முதல் 24 மாதக் குழந்தைகள் 129 பேர். சிலருக்கு வாரம் ஒரு கிலோ பால் மாவு. சிலருக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர். சிலருக்கு இரண்டும். சிலருக்கு எதுவும் இல்லை. வந்த பணியாளர் என்ன செய்தார்? ஒரு மணி நேரம் தாயையும் பிள்ளையையும் உட்காரவைத்து விளையாடக் கற்றுக்கொடுத்தார். வீட்டிலேயே செய்த பொம்மைகள்தான். பொருளைக் காட்டிப் பெயர் சொல்வது, பிள்ளை உளறினால் பதில் உளறுவது, அவ்வளவுதான். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் விளையாட்டுக் குழுவில் இருந்தவர்களின் வருமானம் 25 சதவீதம் கூடுதல். பால் மாவு மட்டும் வாங்கியவர்களுக்கு அந்தப் பலன் நிற்கவில்லை. குவாத்தமாலாவில் வேலை செய்த உணவு இங்கே ஏன் பலிக்கவில்லை? அங்கே கர்ப்பத்திலிருந்தே தொடங்கினார்கள், இங்கே பிள்ளை குன்றிய பிறகு தொடங்கினார்கள். என் மட்டில் இதுதான் பெரிய காரணம்.

இப்போது நம் கதைக்கு வருவோம். காமராஜர் மதிய உணவு, எம்.ஜி.ஆர். சத்துணவு, கலைஞர் முட்டை, 2022-இலிருந்து காலை உணவு. பெருமைதான், என் வகுப்பில் தினமும் அதன் அருமையைப் பார்க்கிறேன். ஆனால் இதெல்லாம் பிள்ளை பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ நடந்து வந்த பிறகுதான். மூளை வேகமாக வளரும் வயதில் அவன் இடுப்பில் இருக்கிறான், அல்லது பாட்டியிடம் தொட்டிலில். இத்தனைக்கும் இது நமக்குத் தெரியாததல்ல. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, பின்தங்கியவர்களுக்கு மூன்று மாதம் கூடுதல் உணவு கொடுத்தார்கள். அதை இன்று யாரும் மேடையில் பேசுவதில்லை.

அரசு ஊழியரான எனக்குப் பிள்ளை பெற்றால் 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. சித்தாள் வேலைக்குப் போகும் என் மாணவனின் அம்மாவுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய், அதிலும் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. அவள் இரண்டாவது மாதமே வேலைக்குக் கிளம்பாமல் என்ன செய்வாள்? ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று அவளிடம் சுவரொட்டி ஒட்டிச் சொல்வதில் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

2005 நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே ஒரு விதி இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். பெண்கள் கூட்டமாக வேலை செய்கிற எல்லா இடத்துக்கும் இந்த விதியைக் கொண்டுவந்து, அந்தப் பெண்ணுக்குக் கிங்ஸ்டனில் கொடுத்த மாதிரி ஒரு பயிற்சியும், ஒரு பை நிறைய பொம்மையும், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முட்டையும் கொடுத்தால் அரசுக்கு என்ன செலவாகிவிடும்?