பொட்டுக்கட்டு ஒழிப்பு: முதலில் வந்தது தடை இல்லை, நிலம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிய பதிவுகளில் எல்லாம் இருக்கும். புதுக்கோட்டையில் பிறந்தது, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது, சட்டசபைத் துணைத் தலைவர் ஆனது, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. கூடவே 'தேவதாசி முறையை ஒழித்தவர்' என்று ஒரு வரி. எப்படி ஒழித்தார் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. அவருடைய அறிவுக்கூர்மை முழுக்க அந்த 'எப்படி'யில்தான் இருக்கிறது.

கோயில் சாமிக்குத் தாலி கட்டி நேர்ந்துவிடும் சடங்குதான் பொட்டுக்கட்டு. அப்படிப் பொட்டுக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு, அதாவது தேவதாசிகளுக்கு, பல கோயில்களில் மானிய நிலம் இருந்தது. சும்மா கொடுத்த நிலம் இல்லை. சன்னதியில் ஆட வேண்டும், பாட வேண்டும், கும்ப ஆரத்தி எடுக்க வேண்டும். ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும். அம்மாவுக்கு வயதாகும்போது வீட்டில் இன்னொரு பெண் குழந்தைக்குப் பொட்டுக் கட்டினால்தான் அந்தக் காணி குடும்பத்தில் தங்கும். பக்தி, பழக்கம், ஊர்க் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சோற்றுக் கணக்கு இருந்தது.

இந்த நிலையில் பொட்டுக் கட்டக் கூடாது என்று மட்டும் சட்டம் போட்டால் என்ன ஆகும்? ஊழியம் நிற்கும், நிலம் கைவிட்டுப் போகும், அந்தப் பெண் நடுத்தெருவில் நிற்பாள்.

1927 நவம்பரில் முத்துலட்சுமி பொட்டுக்கட்டை ஒழிக்கக் கோரி சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். ஆனால் அதன்பின் முதலில் வந்த சட்டம் தடைச் சட்டம் அல்ல. 1929இன் 5ஆவது சட்டம் அறநிலையச் சட்டத்தில் 44-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அரசு வழங்கிய மானிய நிலத்துக்கு ஒரு வரியை விதித்து, ஊழிய நிபந்தனையிலிருந்து அதை விடுவிக்க வேண்டும். நிலத்தின் தீர்வை (நிலவரி) வருமானத்தை மட்டும் அனுபவித்து வந்தவர்களுக்கும் இதேபோல் ஏற்பாடு உண்டு. அதன்பிறகு ஊழியம் செய் என்று அந்தப் பெண்ணை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நிலம் அவளிடமே இருக்கும். தாய் சந்திரம்மாள் தேவதாசி சமூகத்திலிருந்து வந்தவர் என்பதால், எங்கே பிடி இறுகியிருக்கிறது என்பது முத்துலட்சுமிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓட்டையும் இருந்தது. மானியமே இல்லாமல் ஆட்டத்தையும் பாட்டையும் நம்பிப் பிழைத்தவர்களுக்கு இந்தப் பிரிவால் ஒரு காசு பயன் இல்லை. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசிகள் தரப்பில் நின்று ஒழிப்பு முயற்சியைக் கடுமையாக எதிர்த்தார். தங்கள் கலையையும் சொத்துரிமையையும் கொச்சைப்படுத்தாதீர்கள் என்ற அந்தக் குரலைப் பிற்போக்கு என்று ஒதுக்குவது அநியாயம். திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சொத்தைப் போட்டுச் சமாதி மண்டபம் எழுப்பியவர் அவர். மறுபக்கம், அதே சமூகத்திலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் ஊர் ஊராகப் போய் ஒழிப்புக்குப் பேசினார். மூன்று பேரையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த வரலாறு முழுமையாகும்.

தடை மசோதாவை முத்துலட்சுமி 1930இல் கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். மசோதா கிடப்பில் விழுந்தது. கோயிலை விட்டு வெளியே வந்த பெண்களுக்குத் தங்க இடம் இல்லாததால் தன் வீட்டிலேயே ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தடைச் சட்டம் வந்தது 1947இல்தான், அவர் சட்டசபையை விட்டு 17 ஆண்டுகள் கழித்து.

அந்தச் சட்டத்தில் நல்லதும் உண்டு. பொட்டுக் கட்டப்பட்ட பெண் சட்டப்படி திருமணம் செய்யலாம் என்றது. ஆனால் கோயிலிலும் சாமி ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையே குற்றமாக்கியது. பொட்டுக் கட்டும் சடங்கில் பங்கெடுத்த 16 வயதைத் தாண்டியவர்களுக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணையும் அந்தக் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது. 1929இல் அவளுடைய வயிற்றை நினைத்துப் பார்த்த அக்கறை, 1947இன் அந்தப் பிரிவில் இல்லை.