ஜாக் டிரைஸ் மைதானத்தில் இறக்கவில்லை

அமெரிக்காவின் அயோவா ஸ்டேட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியின் முதல் கறுப்பின வீரர் ஜாக் டிரைஸ், மினசோட்டா பல்கலைக்கழக அணியுடன் ஆடும்போது மைதானத்திலேயே உயிரை விட்டார் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

1923 அக்டோபர் 6 அன்று, ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. அதோடு தொடர்ந்து ஆடினார். மூன்றாவது கால்பகுதியில் எதிரணியினர் அவரை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். மருத்துவமனையோ, பயணம் செய்யலாம் என்று அனுப்பிவிட்டது. இதுதான் மனதை அறுக்கிறது. ரயிலில் தன் கல்லூரி இருக்கும் ஏம்ஸ் ஊருக்குத் திரும்பியவர், 8ஆம் தேதி உள் ரத்தக்கசிவால் இறந்தார். வயது 21.

அவருடைய கோட்டுப் பையில் ஒரு கடிதம் கிடைத்தது. ஆட்டத்துக்கு முந்தைய இரவு, ஹோட்டல் தாளில் எழுதியது: தன் இனத்தின், குடும்பத்தின், தன்னுடைய மானம் நாளைய ஆட்டத்தில் இருக்கிறது என்று.

அப்புறம், கல்லூரியின் கால்பந்து அரங்கத்துக்கு உடனே அவர் பெயரை வைத்துவிடவில்லை. மாணவர்கள் பல ஆண்டுகள் போராடி, 1997இல்தான் முழு அரங்கமும் அவர் பெயரைப் பெற்றது.