பவளத்தின் மேல் ஏறி நின்று பவளத்தைக் காப்பாற்றும் நல்லவர்களுக்கு

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதனால் லிங்க் போடவில்லை, போட்டு இன்னும் நாலு பேரைப் பார்க்க வைக்கும் எண்ணமும் இல்லை. 'பவளப்பாறைகளைக் காப்போம்' என்று பதாகையைத் தண்ணீருக்கடியில் விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு குழுவினர் வரிசையாக நிற்கிறார்களே, அதேதான். அதற்குக் கீழே நான் எழுதியது ஒரே வரி: "நீங்கள் நிற்பதே பவளத்தின் மேல்தான், தயவுசெய்து இறங்குங்கள்." இவ்வளவுதான் எழுதினேன். அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் இந்தப் பதிவு. நீளமாகத்தான் போகும், பிடிக்காதவர்கள் கடந்து போய்விடலாம்.

முதலில் ஒன்று. அது உயிர். கல் மாதிரி இருக்கிறது, கல் மாதிரி அசையாமல் இருக்கிறது, ஆனால் உயிர். பாலிப் எனப்படும் சின்னச் சின்ன விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் கூட்டம் அது. அடியில் இருக்கும் சுண்ணாம்பு முழுக்க அவை கட்டிய எலும்புக்கூடு, உயிருள்ள சதை அதன் மேல் மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. ஒருவர் ஏறி நின்றால் அந்தப் படலம் தன் எலும்பின் மேலேயே நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் பாசி வந்து உட்காரும், சில சமயம் நோயும் வரும். உருண்டையாகத் திரண்டு வளரும் வகைகள் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்கூடத் தாண்டாது. கிளைவிட்டு வளர்பவை கொஞ்சம் வேகம், ஆனால் அவைதான் லேசில் முறியும். வீடியோவில் இரண்டாவதாக நிற்பவர் நீந்தக் காலில் மாட்டியிருக்கும் துடுப்பு (ஃபின்ஸ்) பட்டு ஒரு கிளை முறிந்து விழுவது தெளிவாகவே தெரிகிறது. சத்தம் மட்டும் கேட்கவில்லை, பின்னணியில் உருக்கமான இசை போட்டிருக்கிறார்கள்.

"நல்ல நோக்கத்தோடு செய்கிறார்கள், அதில் போய்க் குறை காணலாமா?" இதுதான் அதிகம் வந்த கேள்வி. நோக்கத்தை நான் எங்கே குறை சொன்னேன்? காலைத்தான் சொன்னேன். 'மரம் வளர்ப்போம்' பலகையை மரத்திலேயே ஆணி அடித்து மாட்டுகிறவருக்கும் நல்ல நோக்கம்தான், அதற்காக ஆணி மரத்துக்குள் இறங்காமல் இருக்குமா? அதோடு இது வெறும் வீடியோ இல்லை, விழிப்புணர்வு வீடியோ. லட்சக்கணக்கானவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வது என்ன? பவளம் என்றால் ஏறி நின்று படம் எடுக்கலாம் என்பதைத்தான். பதாகையில் இருப்பதை யார் படிக்கப்போகிறார்கள், கால் எங்கே இருக்கிறது என்பதைத்தான் கண் பார்க்கும். அடுத்த விடுமுறையில் அதே போஸில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று பாருங்கள்.

அடுத்து, கொஞ்சம் படித்தவர்கள் வைத்த வாதம். "அக்கா, பவளம் சாவது கடல் சூடாவதால், நாலு பேர் கால் வைப்பதால் இல்லை." சரி. இதை ஒப்புக்கொள்கிறேன், முழுசாகவே ஒப்புக்கொள்கிறேன். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சாப்பாடும் நிறமும் தருகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, அந்தச் சூடு சில வாரங்கள் நீடித்தால் போதும், பவளம் அந்தப் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளிறிப்போகிறது. உலகம் முழுக்க இப்படி வெளிறியது 1998இல், 2010இல், 2014 முதல் 2017 வரை. நான்காவது முறை நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2023 ஜனவரியில் தொடங்கிய இந்தச் சுற்றில் உலகப் பவளத்திட்டுப் பரப்பில் 84 சதவீதம் வெளிறும் அளவுக்குச் சூட்டைப் பார்த்துவிட்டது. 2023 கோடையில் ஃபுளோரிடாவில் கடலிலேயே விட்டால் பிழைக்காது என்று, கடலுக்கடியில் நாற்று மாதிரி வளர்த்துவந்த பவளங்களை அள்ளிக்கொண்டு கரைத் தொட்டிகளுக்கு ஓடினார்கள். உலகின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.5 டிகிரி உயர்வதோடு நின்றாலே 70 முதல் 90 சதவீதம் போய்விடும், 2 டிகிரி என்றால் 99 சதவீதத்துக்கும் மேல் என்று காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசி 2018இலேயே எழுதி வைத்துவிட்டது. இதெல்லாம் எனக்கும் தெரியும்.

தெரிந்துதான் சொல்கிறேன், அதனால்தான் காலை எடுங்கள் என்கிறேன். வெளிறிய பவளம் செத்த பவளம் இல்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் அந்த நுண்பாசி உள்ளே திரும்பி வரும், பிழைத்துக்கொள்ளும். செத்த இடத்திலும் குஞ்சுப் பவளங்கள் மிதந்து வந்து ஒட்டிப் புதிதாக வளரும். ஆனால் ஒட்டுவதற்குச் சுத்தமான இடம் வேண்டுமே? சேறு படிந்திருந்தால் ஒட்டாது, கழிவுநீரும் உரமும் வந்து மேலே வேறு பாசி மண்டினால் ஒட்டாது, பாசியைத் தின்னும் மீனை எல்லாம் பிடித்து முடித்துவிட்டால் ஒட்டாது. கரீபியனில் 1983இல் ஒரு நோய் வந்து கடல் முள்ளெலிகள் (சீ அர்ச்சின்) கூட்டம் கூட்டமாகச் செத்தன. பாசியை மேய ஆள் இல்லை, பல இடங்களில் பவளத்தின் மேல் பாசி மூடிக்கொண்டது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள், அலையைத் தடுக்க ஆளில்லாமல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அதை வெட்டியது மனிதக் கைகள்தான், வெப்பநிலை இல்லை. ஆக, சூட்டைக் குறைப்பது அரசாங்கங்களின் வேலை என்றே வைத்துக்கொண்டாலும், அது நடக்கும்வரை மிச்சம் இருப்பதையாவது உயிரோடு வைத்திருக்க வேண்டாமா? "எப்படியும் சாகப்போகிறது" என்பவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் வைத்தியத்திலும் இதே தத்துவத்தைத்தான் கடைப்பிடிப்பார்களா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

இந்தக் கோபம் நேற்று வந்ததில்லை. சில வருஷங்களுக்கு முன் ஸ்நார்க்கெலிங் கூட்டிப் போகிற படகு ஒன்றில் போயிருந்தேன். எங்கே என்று சொல்லப்போவதில்லை, எல்லா ஊரிலும் இதே கதைதான். ஏறும்போதே எல்லார் கையிலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் பவளம் கடலின் மழைக்காடு என்றெல்லாம் அழகாக அச்சடித்திருந்தார்கள். தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் கூட வந்த ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்கியது. படகுக்காரர் மேலிருந்து கத்துகிறார், "களைப்பா இருந்தா அந்தக் கல்லு மேல நின்னுக்கோங்க சார், ஆழம் இல்ல." அவர் காட்டியது தாம்பாளம் மாதிரி விரிந்திருந்த பெரிய பவளம். நான் பதறிப்போய், அது உயிருள்ளது, அவரைப் படகில் ஏற்றுங்கள் என்றேன். "எல்லாரும்தான் நிக்கிறாங்க மேடம்." அதற்குள் இன்னும் இரண்டு பேர் ஏறி செல்ஃபி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியவரை ஒரு வழியாகப் படகில் ஏற்றினோம், திரும்பி வரும் வழியெல்லாம் என்னோடு யாரும் பேசவில்லை, காசு கொடுத்து வந்த இடத்தில் சந்தோஷத்தைக் கெடுத்தவள் என்று. படகுக்காரரைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காகிதம் அச்சடித்தவர்கள் அவரைக் கூப்பிட்டு வைத்துப் பத்து நிமிஷம் பேசியிருக்கலாம். காகிதத்தில் எங்குமே 'மேலே நிற்காதீர்கள்' என்று இல்லை. கடலின் மழைக்காடாம்.

இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது விழிப்புணர்வு. ஒரு நாள், ஒரு டீ-ஷர்ட், ஒரு உறுதிமொழி, குழுப் புகைப்படம், அதற்கு அப்புறம் மதியச் சாப்பாடு. கடல் தரையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடத்தில் கடல் உயிரினங்களில் கால்வாசிக்கு இடம் கொடுக்கிறது பவளத்திட்டு, வருகிற அலையின் வேகத்தைக் கரைக்கு முன்பே உறிஞ்சிக்கொள்கிறது, இதையெல்லாம் மேடையில் உருக்கமாகச் சொல்லிவிட்டு, நாளைக்கு நான் என்ன செய்யக்கூடாது என்பதை மட்டும் சொல்லாமல் இறங்கிவிடுகிறார்கள். நிற்காதே, தொடாதே, உடைந்த துண்டாக இருந்தாலும் நினைவுப் பொருளாக எடுத்து வராதே, நங்கூரத்தை மணலில் போடு, மிதவை இருந்தால் படகை அதில் கட்டு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சன்ஸ்கிரீன் விஷயத்தில் பசிபிக் தீவு நாடான பலாவு 2020இலும் ஹவாய் 2021இலும் பவளத்துக்கு ஆகாது என்று சில ரசாயனங்களுக்குத் தடை போட்டன, நல்லதுதான், கடல் சூட்டின் முன்னால் அது சின்ன விஷயம் என்றாலும். உடனே நம் ஆட்கள் 'பவளத்துக்குப் பாதுகாப்பானது' என்று ட்யூபில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துப் போட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டார்கள். அதைப் பூசிக்கொண்டுதான் இந்த வீடியோவிலும் ஏறி நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

"தடை போட்டால் சுற்றுலா படுத்துவிடும், ஏழைகள் பிழைப்பு போய்விடும்" என்று ஒருவர். நான் தடையே கேட்கவில்லை ஐயா, இறங்கி நிற்கத்தான் சொன்னேன். இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். தாய்லாந்தில் மாயா பே, படகும் கூட்டமும் பவளத்தைச் சிதைத்துவிட்டன என்று 2018இல் மூடினார்கள். நாலு மாதம் என்று சொல்லி மூடியது 2022 ஜனவரியில்தான் திறந்தது. இப்போது படகுகள் குடாவுக்குள் வரக்கூடாது, தீவின் பின்பக்கம் இறங்கி நடந்துதான் வர வேண்டும், ஆள் கணக்கும் உண்டு. சுற்றுலா படுத்துவிட்டதா என்ன?

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே வலித்தது. "நீங்க என்ன விஞ்ஞானியா? அவங்க வீடியோவுக்கு வந்த வியூஸ் பார்த்துப் பொறாமை." எழுதியவர் யாரோ, போகட்டும். அதற்கு ஹார்ட் போட்டவர்களில் இங்கே என் பட்டியலில் இருப்பவரும், என்னிடம் பவளம் பற்றிப் புத்தகம் வாங்கிப் போய்ப் படித்தவருமான ஒருவரும் இருக்கிறார். நான் விஞ்ஞானி இல்லை, ஒரு விலங்கின் மேல் ஏறி நிற்கக்கூடாது என்று சொல்லப் பட்டம் வேண்டும் என்று தெரியாமல் போய்விட்டது. இதே இடத்தில் ஆமை முதுகில் ஏறி நின்று 'ஆமையைக் காப்போம்' என்று பிடித்திருந்தால் இந்நேரம் வழக்குப் போட்டிருப்பீர்கள், எல்லாரும். ஆமைக்குக் கண் இருக்கிறது, நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. பவளத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அந்தக் குழுவின் பெயரைக் கமெண்டில் யாரும் எழுத வேண்டாம், எழுதினால் நீக்குவேன். அவர்களை ஓட ஓட விரட்டுவது என் ஆசை இல்லை. வீடியோவை எடுக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை, 'நாங்கள் நின்றது உயிருள்ள பவளத்தின் மேல், நீங்கள் அப்படி நிற்காதீர்கள்' என்று முதல் கமெண்டாக மேலேயே நிற்கும்படி வைத்தால் போதும் என்று இன்பாக்ஸில் எழுதியிருக்கிறேன். பார்த்துவிட்டார்கள் என்று காட்டுகிறது. பதில் இல்லை. ஹார்ட் போட்டவர் மட்டும் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவும், வேறொருவர் கேட்டிருக்கிறார்.