மாமா எதையும் தியாகம் செய்யவில்லை

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் மண்டபத்தில் நடந்த மாமாவின் படத்திறப்பில் பேசப்பட்ட பேச்சு இதற்குள் உங்கள் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கும். யாரோ புண்ணியவான் அதற்குச் சோகப் புல்லாங்குழலும் சேர்த்து, குடும்பக் குழு தொடங்கிப் பழைய தெருக்காரர்களின் குழு வரை அனுப்பி வைத்திருக்கிறார். ஆகவே முழுப் பேச்சையும் இங்கே எழுத வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப அதில் வந்த ஒரே ஒரு கருத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். குடும்பத்துக்காக ஹாக்கியையே தியாகம் செய்த மகான் மாமா என்றார் பேசியவர். கூட்டமும் கைதட்டியது.

மாமா ஹாக்கியைத் தியாகம் செய்யவில்லை. குடும்பத்தையும் தியாகம் செய்யவில்லை. இரண்டையும் கடைசி வரை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு, இரண்டிலும் மகிழ்ச்சியாக இருந்துவிட்டுப் போன மனிதர் அவர்.

ஊருக்கே தெரிந்த கதைதான் என்றாலும் மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மாமாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது விளையாட்டு ஒதுக்கீட்டில். அந்தச் சம்பளத்தில்தான் தாத்தாவின் கடன் அடைந்தது, என் அம்மா உட்பட அவருடைய தங்கைகளின் கல்யாணங்கள் நடந்தன. ஹாக்கி இல்லையென்றால் அந்த வேலை இல்லை. அந்த வேலை இல்லையென்றால், ஞாயிறன்று ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியவர் முதல் பந்தியிலேயே இடம்பிடித்து இலை போட்டு உட்கார்ந்த அந்தக் கல்யாணங்களும் இல்லை. இதில் எது எதற்காகத் தியாகம் செய்யப்பட்டது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆடுவதை அவர் நிறுத்தினாரே என்பீர்கள். நிறுத்தியது முழங்கால், குடும்பம் அல்ல. அதோடு காலமும் மாறிவிட்டிருந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது; அதுவரை பதக்கம் இல்லாமல் திரும்பியதே இல்லாத இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்குப் போனது. பந்தை மட்டையோடு ஒட்டவைத்து இடமும் வலமுமாக உருட்டிக்கொண்டு போகும் புல்தரை ஆட்டம் மாமாவுடையது. புதிய தரை வேகத்தையும் உடல் பலத்தையும் கேட்டது. தேய்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு அதைக் கொடுக்க முடியாது என்பதை அவர் யாரிடமும் புலம்பாமல் புரிந்துகொண்டு, மட்டையை வைத்துவிட்டு விசிலை எடுத்தார். எழும்பூரில் லீக் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றார், அயனாவரத்துப் பையன்களுக்கு விடியற்காலையில் பயிற்சி கொடுத்தார். 1980 மாஸ்கோவில் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியதைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பதக்கம் தன் கழுத்தில்தான் விழுந்தது என்பது போலப் பேசுவார். இழந்ததை எண்ணி ஏங்கிய மனிதர் அப்படிப் பேச மாட்டார்.

அவரோடு ஓர் ஆட்டம் பார்ப்பது எப்படி இருக்கும் என்பது, அவரைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாது. 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டின் நான்காம் நாள். முதுகுவலியோடு ஆடிக்கொண்டிருந்த சச்சின் 136 ரன்னில் ஆட்டமிழந்தபோது வெற்றிக்குத் தேவைப்பட்டது 17 ரன். மிச்சமிருந்த விக்கெட்டுகள் நான்கு ரன்னுக்குள் விழுந்து, 12 ரன்னில் தோற்றோம். நான் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். மாமா என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, 'நல்லா ஆடினவனுக்குக் கை தட்டு, அப்புறம் அழு' என்றார். அரங்கமே எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தது வரலாறு. எங்கள் பின்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் எழவில்லை. மாமாவைப் பார்த்துத் தடித்த வார்த்தை ஒன்றைச் சொன்னார். மாமா திரும்பி, 'அண்ணே, உங்களுக்கு எந்த ஏரியா?' என்று கேட்டார். பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்து போவதற்குள் அவர் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கும் பேச்சு வரை போய்விட்டது. அவர்தான் மாமா.

இனி, படம். மண்டபத்தில் மாலை போட்டு வைத்திருந்த அந்தப் படத்தின் அசல் ஒரு குழுப் புகைப்படம். கால்சட்டை, கையில் மட்டை, பக்கத்தில் இருப்பவர் சொன்ன ஏதோ நகைச்சுவைக்கு வாயைத் திறந்து சிரிக்கும் மாமா. அதிலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்து, வாழ்நாளில் அவர் போட்டிராத ஒரு கருப்புக் கோட்டையும் டையையும் மாட்டி, சிரிப்பையும் ஸ்டூடியோக்காரரின் திறமையால் பாதியாகக் குறைத்திருந்தார்கள். மரியாதையாக இருக்க வேண்டுமாம். மட்டை பிடித்த மனிதருக்கு மரியாதை கிடையாதோ?

செத்தவரை உயர்த்தித்தானே பேசினார்கள், அதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். இல்லாத தியாகத்தைச் சொல்லி உயர்த்துவது, இருந்த வாழ்க்கையைத் தாழ்த்துவதுதான். சந்தோஷமாக வாழ்ந்த ஒருவரை நினைவுகூர நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம்? கஷ்டப்பட்டார், விட்டுக்கொடுத்தார், தேய்ந்தார் என்று சொன்னால்தான் நல்ல குடும்பத் தலைவர் என்று ஒத்துக்கொள்வோமா? பெரியவரைப் பொதுவெளியில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: நான் பெயர் எழுதவில்லை. பொதுவெளிக்குக் கொண்டுபோனவர்கள் புல்லாங்குழல் சேர்த்தவர்கள்.

கொஞ்சம் நியாயமான கேள்வி ஒன்றும் வந்தது: அவர் மைதானத்தில் நின்ற நேரமெல்லாம் வீட்டைத் தாங்கியது அத்தைதானே? ஆமாம். பயிற்சி முடிந்து வரும் பையன்களுக்கு இட்லி அவித்துக் கொட்டியதும் அத்தைதான். ஆனால் இதைக் கேட்பவர்கள் யாரும் அத்தையிடம் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்துக்கு நாங்கள் மூவரும் போயிருந்தோம். இடைவேளையில் மலேசியா 3-1 என்று முன்னால் இருந்தபோது, கிளம்பலாமா என்று நான்தான் கேட்டேன், அத்தை முறைத்தார். மூன்றாம் கால் பகுதி முடியும் தறுவாயில் அடுத்தடுத்து இரண்டு கோல், 56-ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங்கின் கோல், 4-3. பெனால்ட்டி கார்னர் விதியைப் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தவர் அத்தை. அவரைப் பரிதாபத்துக்குரியவராக ஆக்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உண்மையில் என்னை உறுத்துவது வேறு. இன்று மகான் என்பவர் அன்று அதே மனிதரைக் 'குச்சி தூக்கி' என்றுதான் அழைத்தார். வீட்டு விசேஷங்களில், எங்கள் எல்லோர் முன்னாலும், சிரித்துக்கொண்டே. மாமாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அப்போதும் சிரிப்பு வந்ததில்லை. ஞாயிறன்று அவரிடம் பயிற்சி பெற்ற பையன்கள் — இப்போது பையன்கள் அல்ல, காவல் துறையிலும் ரயில்வேயிலும் அதே விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துபவர்கள் — சீருடை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்து, செருப்பு விடும் இடத்தின் அருகே நின்றார்கள். இரண்டு மணி நேரம் நடந்த நிகழ்ச்சியில் அவர்களில் ஒருவரையும் மேடைக்குக் கூப்பிடவில்லை. வட்டச் செயலாளரைக் கூப்பிட்டார்கள். மாமாவின் பெயரையே தவறாக உச்சரித்த அந்த நல்லவர் மட்டும் பத்து நிமிடம் பேசினார்.

ஆண்டு நினைவு நாள் நிகழ்ச்சிக்கும் இப்போதே பேச்சாளர் பட்டியல் தயாராகிறதாம். அதில் அந்தப் பையன்களின் பெயர் இல்லையென்றால் என்னை அழைக்க வேண்டாம் என்று குடும்பக் குழுவில் சொல்லிவிட்டேன். 'விடுங்க, எல்லாம் பாசத்துல பேசுறதுதானே' என்று இங்கே எழுத வருபவர்கள், அவரோடு ஒரு நாளாவது மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் அழும் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.