‘சும்மா போட்டதுதானே?’

அந்த ரிவெர்ப் ப்ளகின் (ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் துணை மென்பொருள்) விவகாரம் போன வாரம் முழுக்க ஓடியது. ஒரு தம்பி எழுதி இணையத்தில் திறந்து வைத்திருந்த நிரலை, ஒரு நிறுவனம் அதன் உரிமத்தை மதிக்காமல் எடுத்துத் தன் ப்ளகினுக்குள் வைத்து விற்றுவிட்டது. யார், எந்த நிறுவனம் என்று மறுபடி எழுதப்போவதில்லை. ஸ்கிரீன்ஷாட் எல்லோர் கையிலும் இருக்கிறது. விற்பனைக்கு வந்த பைனரிக்குள் (கணினியில் நேரே ஓடும் கோப்புக்குள்) அந்தத் தம்பி எழுதிய பிழைச்செய்தி, அதிலிருந்த எழுத்துப்பிழையோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் எடுத்திருக்கிறார்கள்.

எனக்கு எரிச்சல் நிறுவனத்தின் மேல் இல்லை. (பொய். இருக்கிறது. ஆனால் அது பழகிப்போன எரிச்சல்.) அந்தப் பதிவுகளுக்குக் கீழே வந்து, “சும்மா போட்டதுதானே, எடுத்தால் என்ன? இப்போது என்ன அழுகை?” என்று கேட்டவர்கள்தான் தூங்கவிடவில்லை. அதில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள்.

அவர் சும்மா போடவில்லை. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஜிபிஎல் 3 (கட்டற்ற மென்பொருளுக்கான ஓர் உரிமம்) என்று எழுதித்தான் போட்டார். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இரண்டு பொருளுக்கும் நிற்பதால், ஜிபிஎல்லை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் பல பத்தாண்டுகளாக அதை விளக்கிக்கொண்டே இருக்கிறார். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. இலவசத்துக்கு ஒரு சொல், கட்டற்றதுக்கு ஒரு சொல் என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம். வைத்திருந்தும் குழப்பிக்கொள்கிறோம்.

ஜிபிஎல் விற்காதே என்று எங்கேயும் சொல்லவில்லை. தாராளமாக விற்கலாம். ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் பாருங்கள்: மூல நிரல் திறந்தே கிடக்கிறது, தயார் நிலையில் வேண்டுமானால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஜிபிஎல் கேட்பது ஒன்றுதான். என் நிரலை உள்ளே வைத்து விற்றால், வாங்கியவருக்கு மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடு. அதுதான் விலை. பணமாக இல்லையென்பதால் விலையே இல்லை என்று ஆகிவிடாது.

“சின்ன நிறுவனம், இந்தச் சட்டமெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். சரி. ப்ளகின் செய்பவர்கள் தினமும் புழங்கும் சாமான்களைப் பார்ப்போம். ப்ளகின் கட்ட உதவும் ஜூஸ் ஃப்ரேம்வொர்க் இரட்டை உரிமம்: மூல நிரலைத் திற, இல்லையென்றால் வணிக உரிமம் எடு. ப்ளகினை ஒலிப்பதிவு மென்பொருளோடு இணைக்கும் முறையான ஸ்டெயின்பர்க் நிறுவனத்தின் விஎஸ்டி 3 பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது: ஜிபிஎல் 3, அல்லது அவர்களோடு ஒப்பந்தம். 2025-ல்தான் அதை, மூல நிரலைக் கேட்காத எம்ஐடி உரிமத்துக்கு மாற்றினார்கள். ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துத் தரும் எஃப்எஃப்டிடபிள்யூ ஜிபிஎல்; மூல நிரலை மூடி விற்க வேண்டுமானால் எம்ஐடி பல்கலைக்கழகத்திடம் தனி உரிமம் வாங்க வேண்டும். (எம்ஐடியில் பிறந்தது, ஆனால் எம்ஐடி உரிமத்தில் இல்லை. இது புரிய எனக்கே ஒரு நாள் ஆயிற்று.) இவ்வளவு வாசல்களிலும் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு நுழைகிறவர்களுக்கு, ஒரு தனி ஆள் எழுதிய நிரல் வந்தவுடன் மட்டும் படிக்கத் தெரியாமல் போய்விடுகிறது.

ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு, பாடும் குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்ன லைப்ரரி (மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல்) எழுதினேன். அதற்கு ஆட்டோகோரிலேஷன்தான் (ஒலி அலையை அதன் நகலோடு தள்ளித் தள்ளி ஒப்பிடுவது) நேர்வழி. பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் பாடகரின் சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூனுக்கு 1999-ல் கிடைத்த காப்புரிமை அப்போது உயிரோடு இருந்தது, அதுவும் ஆட்டோகோரிலேஷனைச் சுற்றித்தான். அது என்னைத் தொடுமா தொடாதா என்று சொல்ல எனக்கு வக்கீல் இல்லை. பயந்து வேறு வழியில் எழுதினேன். இரண்டு மாதம் கூடுதலாகப் பிடித்தது. முடிவும் கொஞ்சம் மட்டம்தான்.

நம் ஆட்கள் பலர் காப்புரிமை என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் சொல்லிக் குழப்புவார்கள், அதனால் ஒரு வரி. பதிப்புரிமை நான் எழுதிய நிரலைக் காக்கிறது. காப்புரிமை வழிமுறையையே பிடித்துக்கொள்கிறது. யாருடைய நிரலையும் பார்க்காமல், சொந்தமாக உட்கார்ந்து எழுதினாலும் மாட்டலாம். எம்பி3 காப்புரிமையில் இருந்த காலம் நினைவிருக்கிறதா? எம்பி3 ஆக்கித் தரும் லேம் மென்பொருளின் குழு மூல நிரலை மட்டும்தான் கொடுத்தது. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் எம்பி3 ஆக ஏற்றுமதி செய்ய லேம் கோப்பைத் தனியாகத் தேடி இறக்கிப் பொருத்திக்கொண்டோம். 2017 ஏப்ரலில் எம்பி3 காப்புரிமைக்கான உரிமத் திட்டம் முடியும்வரை திறமூல உலகம் சுற்றுவழியில்தான் நடந்தது.

என் லைப்ரரியை எம்ஐடி உரிமத்தில் போட்டேன். மூல நிரலைக்கூடக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: என் பெயர் இருக்கும் அந்தப் பதிப்புரிமைக் குறிப்பை எடுக்காதே. அவ்வளவுதான். பிறகு ஒருநாள், ஒரு வணிக மென்பொருளின் பயனர் தன் க்ராஷ் ரிப்போர்ட்டை (மென்பொருள் நின்றுபோனதும் வரும் அறிக்கையை)ப் பொதுவில் ஒட்டியிருந்தார். வரிசையாக என் ஃபங்ஷன் பெயர்கள். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். “எங்கள் பொறியாளர்கள் சுயமாக உருவாக்கியது” என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அடுத்த பதிப்பில் ஃபங்ஷன் பெயர்கள் மாறியிருந்தன. விற்பனைப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட தொழில்நுட்பம்.

இந்த ரிவெர்ப் பக்கத்திலும் அதே வரி இருக்கிறது, கவனித்தீர்களா? ஜிபிஎல் 3 நிரலை ஒழுங்காக, உரிமத்தோடு வெளியிட்டிருந்தால், தாங்கள் சேர்த்ததற்கான காப்புரிமை அனுமதியையும் பயனருக்கு அதோடு கொடுத்தாக வேண்டும். 2007-ல் அந்தப் பதிப்பு வந்தபோதே தெளிவாக எழுதப்பட்ட விஷயம். அதனால்தான் மறைத்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நிரூபிக்க முடியாது.

காப்புரிமையே வேண்டாம் என்கிறாயா என்று கேட்காதீர்கள். ஜான் சௌனிங்கின் எஃப்எம் சிந்தசிஸுக்கு (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் வழி) 1977-ல் காப்புரிமை கிடைத்தது, யமஹா அதற்கு முன்பே உரிமம் வாங்கியிருந்தது, 1983-ல் டிஎக்ஸ்7 கீபோர்டு வந்தது, அவர் வேலை பார்த்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பணம் போயிற்று. நல்லது. வாங்கினார்கள், கொடுத்தார்கள். நான் சொல்வதும் அதைத்தானே? நிறுவனங்களே, உங்கள் காப்புரிமைக்கு நான் இரண்டு மாதம் சுற்றிப்போக வேண்டும், என் உரிமத்தின் மூன்று பத்தியைப் படிக்க உங்களுக்கு நேரம் இல்லை.

“நீ க்ராக் மென்பொருளே பயன்படுத்தியதில்லையா?” என்று உள்பெட்டியில் வந்து கேட்ட நண்பருக்கு: பயன்படுத்தியிருக்கிறேன். மாணவனாக இருந்தபோது. தப்புதான். ஆனால் அதற்கு என் பெயர் போட்டு நான் விற்கவில்லை. இரண்டும் ஒன்று என்று தோன்றினால் தோன்றட்டும், இனி உங்களோடு பேச எனக்குத் தெம்பில்லை.

வழக்குப் போட வேண்டியதுதானே என்கிறார்கள். நிரல் எழுதுகிறவனிடம் இருப்பது ஒரு லேப்டாப்.

அந்தத் தம்பி நேற்று தன் ரெப்போவை (நிரல் வைத்திருந்த இணையக் கிடங்கை) மூடிவிட்டார். மற்ற பதினோரு திட்டங்களையும் சேர்த்து. “சும்மா போட்டதுதானே” என்றவர்களில் குறைந்தது இரண்டு பேர் அதில் ஒன்றைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள். இன்று காலை ஒருவர், “லிங்க் வேலை செய்யவில்லையே, உங்களிடம் பிரதி இருக்கிறதா?” என்று என்னிடமே கேட்கிறார்.

இதையெல்லாம் தட்டச்சிட்டுக்கொண்டே, என் லைப்ரரி உள்ளே இருக்கும் அந்தப் பழைய மென்பொருளின் புதிய பதிப்பை இறக்கி, ‘அபவுட்’ பெட்டியைத் திறந்து பார்த்தேன். நீளமான நன்றிப் பட்டியல். வடிவமைத்தவர்கள், சோதித்தவர்கள், ஐகான் வரைந்தவர், கடைசியில் அலுவலக நாய்க்குட்டி.

நாய்க்குட்டிக்குப் பெயர் போட்டிருக்கிறார்கள்.